சூடு தெரியாத கை

மலாயாவில் அவசரகாலம் அறிவித்து நான்கு வருஷம் ஆகியிருந்த சமயம். ராசா என்ற சிற்றூரிலிருந்து ஐந்தாறு மைல் உள்ளே, மலையடிவாரத்தில் இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் நாங்கள் குடியிருந்தோம். என் கணவர் தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி. நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் கீழ் வகுப்புகளுக்கு ஆசிரியை. எங்களுக்கு ஒரே மகள். அப்போது அவளுக்குப் பதினான்கு வயது.

இது நடந்து மூன்று வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இதை எழுத இரண்டு முறை உட்கார்ந்து, இரண்டு முறையும் பாதியில் எழுந்துவிட்டேன். இந்த முறை முடித்துவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் என் செடிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்குப் பச்சிலைகள்மேல் பெரிய பைத்தியம். ஊரிலிருந்து வரவழைத்த ஒரு பழைய வைத்தியப் புத்தகத்தைப் பார்த்தும், செய்து கெடுத்துத் திரும்பச் செய்தும் நானாகக் கற்றுக்கொண்டதுதான். வீட்டுக்குப் பின்னால் நான்கு பாத்தி போட்டிருந்தேன். குப்பைமேனி, துளசி, சோற்றுக்கற்றாழை, கஸ்தூரி மஞ்சள், ஒரு மூலையில் நொச்சி. ஓரமாக சீமை அகத்தி. மலாய்க்காரர்கள் அதை கெலெங்காங் என்பார்கள். மஞ்சள் பூங்கொத்து மெழுகுவர்த்தி மாதிரி நேராக நிற்கும். படர்தாமரைக்கும் தேமலுக்கும் அந்த இலையை மிஞ்ச ஒன்றும் கிடையாது.

ரப்பர் பாலும் ஆசிட்டும் பட்டு விரல் வெடித்த பெண்கள் என்னிடம் வருவார்கள். கற்றாழைச் சோற்றைத் தேங்காய் எண்ணெயில் காய்ச்சிக் கொடுப்பேன். அட்டை கடித்து ஆறாத புண்ணுக்குக் குப்பைமேனிச் சாறும் மஞ்சளும். கல்யாணம் நிச்சயமான பெண்ணுக்கு ஒரு மாதம் முன்பிருந்தே பச்சைப்பயறு, கஸ்தூரி மஞ்சள், ரோஜா இதழ் எல்லாம் அரைத்துக் குளியல் பொடி. “டீச்சரம்மா பொடி” என்றால் பக்கத்துத் தோட்டம் வரைக்கும் பெயர். என் மகளின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பாதிப் பேர் பொடி கேட்டு வருவார்கள். அத்தனை தெளிவான தோல் அவளுக்கு. அதில் எனக்கு இருந்த பெருமையை மறைத்து எழுதினால் மற்றது எதுவும் உண்மையாக இராது.

பிறகு எங்கள் தோட்டத்தையும் ஒன்றாகச் சேர்த்து வேலி போட்டார்கள். தள்ளித் தள்ளி இருந்த தொழிலாளர் லயங்களையெல்லாம் காலி செய்து, எல்லாரையும் ஆபீசுக்கும் ஸ்டோருக்கும் பக்கத்தில் குடியேற்றி, சுற்றிலும் முள்கம்பி. ஒரே ஒரு கேட். மாலை ஆறு மணிக்குச் சங்கு ஊதினால் வெளியே யாரும் நடமாடக் கூடாது. நான் என் செடிகளை மண்ணெண்ணெய் டின்களில் பெயர்த்துக் கொண்டுவந்தேன். சீமை அகத்தியை மட்டும் விட்டுவிட்டு வர வேண்டியிருந்தது. காவல்காரர்களுக்குப் பார்வை மறைக்கும் என்று வேலிக்குள் உயரமாக எதையும் வளர்க்க விடவில்லை. பழைய வீட்டின் பின்னால் அது தனியாக நின்றது. வாரத்துக்கு இரண்டு நாள், பள்ளிக்கூடம் முடிந்ததும் நடந்து போய் இலை பறித்து வருவேன்.

கேட்டில் பெண்களைச் சோதிக்க ஒரு பெண் இருந்தாள். கோலா குபு பாருவிலிருந்து வந்த தமிழ்ப் பெண். முப்பத்தைந்து வயது இருக்கும். காட்டில் ஒளிந்து சண்டையிட்ட கம்யூனிஸ்டுகளுக்கு யாரும் அரிசியோ மருந்தோ கொண்டுபோய்க் கொடுத்துவிடக் கூடாது என்பதற்காக, வேலைக்குப் போகும் ஒவ்வொரு பெண்ணையும் சாக்குத் திரைக்குப் பின்னால் நிறுத்தித் தடவிப் பார்ப்பதுதான் அவள் வேலை. பால் டின்னைக்கூட, சேர்த்துவைத்துக் கடத்த முடியாதபடி, கடைக்காரர் துளை போட்டுத்தான் விற்க வேண்டும் என்று சட்டம் இருந்த காலம் அது. அந்தப் பெண்ணுக்கு வாய் அதிகம். “என்னடி இடுப்புல, சோறா கொழுப்பா?” என்று கேட்டுச் சிரிப்பாள். ரப்பர் மரத்தில் பால் வெட்டும் பெண்களும் சளைக்காமல் திருப்பிக் கொடுப்பார்கள். “கொழுப்புதான் அக்கா, ஒனக்குக் கொஞ்சம் வேணுமா லா?” என்பார்கள். என்னைக் கண்டால் மட்டும், “என்ன டீச்சரம்மா, இன்னைக்கும் ஆட்டுக்குத் தழையா?” என்பாள். எனக்கு அது பிடிக்காது. ஊர்ப் பெண்களின் உடம்பைத் தடவுவதை ஒரு பிழைப்பாக வைத்திருக்கிறாளே என்று நினைப்பேன். ஒருநாளும் அவள் முகத்தைப் பார்த்து நான் பதில் சொன்னதில்லை.

மகளின் இடது கையில், முழங்கைக்குக் கீழே, பத்துக் காசு அளவுக்கு ஒரு வெளிர்ந்த இடத்தை, ஒரு சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்க வைக்கும்போதுதான் பார்த்தேன். தேமல் என்று நினைத்தேன். சீமை அகத்தி இலையை உப்பு வைத்து அரைத்துப் பூசினேன். ஒரு மாதம் ஆயிற்று. குறையவில்லை. இலை முற்றிப் போயிருக்கும் என்று கொழுந்தாகப் பறித்து அரைத்தேன். அப்புறம் பூவரசங்காயின் பால். அப்புறம் கார்போக அரிசி. அந்த வெளிர்ப்பு மெதுவாகப் பெரிதாகி, ஓரம் லேசாகச் சிவந்து, உள்ளங்கை அகலத்துக்கு வந்துவிட்டது. அந்த இடத்தில் வியர்க்கவில்லை. பூனைமுடி உதிர்ந்துவிட்டது. இதையெல்லாம் நான் பார்த்தேன். பார்த்ததை ஒன்றோடு ஒன்று சேர்த்துப் பார்க்க மட்டும் மறுத்தேன்.

ஒருநாள் அவள் தேநீர்க் கோப்பையைக் கீழே போட்டு உடைத்தாள். “சுண்டு விரல் மரத்துப்போகுதும்மா” என்றாள். கையை மடக்கித் தூங்கியிருப்பாய் என்றேன்.

“டிரஸ்ஸர்கிட்ட ஒரு தடவ காட்டிட்டு வந்துரலாமே” என்று என் கணவர் இரண்டு மூன்று முறை சொன்னார். தோட்டத்து ஆஸ்பத்திரி எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். அங்கே வைத்தியம் பார்க்கும் டிரஸ்ஸர் நல்ல மனிதர். ஆனால் தோட்டத்துக்கே தோல் வைத்தியம் பார்க்கிற டீச்சரம்மா, தன் மகளின் தேமலுக்கு டிரஸ்ஸரிடம் போய் நிற்பதா? அது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை நான் எனக்குள்ளேகூடச் சொல்லிக்கொள்ளவில்லை. அவளுக்கு முழுக்கைச் சட்டை தைத்துப் போட்டேன். யாராவது கேட்டால் கொசுக்கடிக்கு என்று சொல்லச் சொன்னேன். இப்படியே எட்டு மாதம் ஓடிவிட்டது.

அது ஒரு வெள்ளிக்கிழமை மாலை. மரத்துப்போகிறது என்கிறாளே, ரத்த ஓட்டம் குறைவாக இருக்கும், ஒத்தடம் கொடுத்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. நொச்சி இலையையும் கல்லுப்பையும் வறுத்துத் துணியில் மூட்டையாகக் கட்டினேன். வழக்கமாக எந்த ஒத்தடத்தையும் முதலில் என் மணிக்கட்டில் வைத்துப் பார்ப்பேன். அன்றும் பார்த்தேன். பதமான சூடு. அவள் கையில் வைத்தேன்.

“சூடே இல்லம்மா. இன்னும் கொஞ்சம் சுட வைங்க.”

திரும்பவும் இரும்புச் சட்டியில் வைத்து எடுத்தேன். அதற்குள் சங்கு ஊதிவிட்டது. கணவர் இன்னும் வரவில்லையே என்று வாசலைப் பார்த்துக்கொண்டே மூட்டையை அழுத்தினேன்.

“ம்ஹும். இன்னும்.”

மூன்றாவது முறை எடுத்தபோது என் விரல் நுனி சுருக்கென்றது. அவளோ எனக்கு முன்னால் கையை நீட்டிக்கொண்டு, மறு கையில் பூகோளப் புத்தகத்தைப் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தாள். முகம் சுளிக்கவில்லை. “எவ்வளவு பொறுமை பாரேன் என் பிள்ளைக்கு” என்று நான் அவள் தலையைத் தடவிக் கொடுத்தேன்.

காலையில் அந்தக் கையில் திராட்சைக் குலை மாதிரி கொப்புளங்கள். அவள் சட்டை மாற்றும்போது நான்தான் பார்த்தேன். அவள் பார்த்திருக்கவில்லை. “எப்பம்மா வந்துச்சு இது?” என்று என்னைக் கேட்டாள்.

அந்த நேரம் எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த அடுத்த நொடியே, அதை யாருக்கும் தெரியாமல் ஆக்குவது எப்படி என்றுதான் என் மூளை ஓடியது. எங்கள் பக்கத்துத் தோட்டத்தில் ஒருவரை அப்படி வேனில் ஏற்றிக்கொண்டு போனதைப் பார்த்திருக்கிறேன். கோலாலம்பூர்ப் பக்கம் இருக்கும் குஷ்டரோகிகள் குடியிருப்புக்கு. போனவர் திரும்பி வரவில்லை. அவருடைய பாயையும் சட்டையையும் வீட்டார் லயத்துக்குப் பின்னால் போட்டுக் கொளுத்தினார்கள்.

கோலசிலாங்கூரில், கம்போங் குவாந்தானுக்குப் பக்கத்துத் தென்னந்தோட்டம் ஒன்றில் என் அண்ணன் ஆட்களை மேய்க்கும் மண்டோராக இருந்தார். அங்கே ஒரு வைத்தியர் இருக்கிறார், மகளைக் கொஞ்ச நாள் அங்கே வைத்துப் பார்க்கலாம் என்று கணவரிடம் சொன்னேன். வைத்தியர் யாரும் இல்லை. ஆற்றோரம், ஒதுக்குப்புறமான வீடு, கேட்பார் கிடையாது. அதுதான் என் எண்ணம். அவர் என்னை நெடுநேரம் பார்த்தார். பிறகு, “எட்டு மணிக்கு லோரி ராசாவுக்குப் போகுது, அங்கேருந்து பஸ் பிடிச்சுக்கலாம்” என்று மட்டும் சொன்னார். அவருக்கும் பயம் என்பது எனக்குப் புரிந்தது.

ஒரு மூட்டை கட்டினேன். பொடி டப்பாக்கள், இரண்டு புட்டி எண்ணெய், காயவைத்த இலை, மகளின் துணிமணி. கொப்புளத்தின்மேல் கற்றாழையைத் தடவி, மெல்லிய துணி சுற்றி, அதன்மேல் முழுக்கைச் சட்டையை இழுத்துவிட்டேன். வேலிக்கு வெளியே மருந்து கொண்டுபோகக் கூடாது என்ற நினைப்பே அன்று எனக்கு வரவில்லை. தினமும் பிள்ளைகளுக்கு விதிமுறை சொல்லிக் கொடுக்கிற நான்.

கேட்டில் காவலுக்கு நின்ற மலாய்க் காப்பரல் மூட்டையை அவிழ்த்தான். புட்டிகளைப் பார்த்ததும் அவன் முகம் மாறியது. “அபா இனி? உபாட்?” என்றான். இது என்ன, மருந்தா என்று கேட்கிறான். மருந்து என்றால் அன்றே என்னைக் கொண்டுபோய் அடைத்துவிடலாம். கணவரின் வேலையும் போய்விடும்.

அந்தச் சோதனைப் பெண் எட்டிப் பார்த்தாள். ஒரு டப்பாவைத் திறந்தாள். உள்ளே குளியல் பொடி. இரண்டு விரலால் எடுத்துத் தன் கன்னத்தில் அப்பிக்கொண்டு, மறு கன்னத்தையும் திருப்பிக் காட்டினாள்.

“புக்கான் உபாட் லா! பெடாக்! எப்படி, அழகா இருக்கேனா?”

மருந்தில்லை, முகப்பவுடர் என்கிறாள். மஞ்சள் பூசிய அந்த முகத்தைப் பார்த்துக் காப்பரல் சிரித்துவிட்டான். போ போ என்று கையசைத்தான். அவளுக்கு நன்றி சொல்லவும் தோன்றவில்லை.

“தங்கச்சி, நீ இங்க வாம்மா” என்று மகளைச் சாக்குத் திரைக்குப் பின்னால் அழைத்துப் போனாள். பிறகு என்னைக் கூப்பிட்டாள். குரல் வேறு மாதிரி இருந்தது.

உள்ளே போனேன். அவள் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஈரமாக இருந்தன. மகளின் சட்டைக்கை நனைந்திருந்தது.

“கொப்புளம் ஒடஞ்சிருச்சு டீச்சரம்மா. நான் அமுக்குனதுலதான் ஒடஞ்சுச்சு. பிள்ளை என்னப் பாத்துச் சிரிச்சிக்கிட்டு நிக்குது.”

“அவ பொறுமைசாலி” என்றேன். அந்தச் சொல்லை நான் எப்படிச் சொன்னேனோ தெரியவில்லை.

அவள் சட்டைக்கையை மேலே ஏற்றி, துணியை விலக்கினாள். தன் ரவிக்கையிலிருந்து ஓர் ஊக்கை எடுத்தாள். “கண்ண மூடிக்க தங்கச்சி. நான் தொடறப்போ சொல்லு” என்று சொல்லிவிட்டு, கூர் படாமல் ஊக்கின் மொண்ணைப் பக்கத்தால் அந்த வெளிர்ந்த இடத்தைத் தொட்டாள். கொப்புளத்தை விட்டுத் தள்ளி ஓரிடம். அப்புறம் இன்னோர் இடம். நான்கு முறை, நான் பார்க்கப் பார்க்கத் தொட்டாள்.

என் மகள் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தாள். பிறகு சொன்னாள்:

“தொடுங்க அக்கா. ஏன் சும்மா நிக்கிறீங்க?”

நான் அந்தச் சாக்கைப் பிடித்துக்கொண்டேன்.

“எங்கண்ணனுக்கு இப்படித்தான் ஆரம்பிச்சுச்சு” என்றாள் அவள் தாழ்ந்த குரலில். “ஊர் பேசும்னு எங்கம்மா ரெண்டு வருஷம் வீட்டுக்குள்ளயே வச்சிருந்தாங்க. அப்ப மருந்தும் இல்ல. இப்ப அவருக்குக் கையில விரலு இல்ல. ஆனா இப்ப மாத்திரை வந்திருச்சு டீச்சரம்மா. அவரோட இருந்தவங்க ரெண்டு பேரு நல்லாகி வீட்டுக்கே போயிட்டாங்க. நான் மாசாமாசம் போய்ப் பாத்துட்டு வரேன், எனக்குத் தெரியும். சீக்கிரம் போனா கை தப்பிச்சிரும்.”

எனக்கு வந்தது கோபம். இன்று நினைத்தாலும் கூசுகிறது. “கேட்டுல நின்னு ஊர்ப் பொம்பளைங்களத் தடவுறவ எனக்கு வைத்தியம் சொல்றியா? ஒன் வேலையப் பாரு” என்றேன். நீ என்று அவளை அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பேசினேன். அதற்கு முன்னால் பேசியதே இல்லையே.

அவள் கோபப்படவில்லை. கன்னத்தில் இன்னும் என் பொடி ஒட்டியிருந்தது.

“என் வேலையத்தான் பாக்குறேன். அந்த மூட்டைய காப்பரல்கிட்ட திரும்பப் பிரிச்சுக் காட்டுனா உங்கள உள்ள தள்ளலாம். அதுக்கு எனக்கு அதிகாரம் இருக்கு. பிள்ளையத் தடுக்க எனக்கு அதிகாரம் இல்ல. லோரி நிக்குது. போறதுன்னா போங்க.”

சொல்லிவிட்டுத் திரையை விலக்கிப் பிடித்தாள்.

வெளியே லோரிக்காரர் ஹார்ன் அடித்தார். மகள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு எவ்வளவு புரிந்தது என்று தெரியவில்லை. மூட்டையைத் தூக்கக் குனிந்தாள். இடது கையால் முடிச்சைப் பிடித்தாள். மூன்று விரல்கள் மடங்கின. சுண்டு விரலும் மோதிர விரலும் பாதி வளைந்து அப்படியே நின்றுவிட்டன. மூட்டை நழுவியது. அவள் என்னிடம் காட்டிக்கொள்ளாமல் சட்டென்று வலது கைக்கு மாற்றிக்கொண்டாள். மாற்றிய வேகத்தைப் பார்த்தபோதுதான் விளங்கியது. இது அவளுக்குப் பழகிப்போய்விட்டது. எவ்வளவு நாளாக என்னிடமிருந்து இதை மறைத்து வந்திருக்கிறாள்! என் வைத்தியம் பலிக்கவில்லை என்று நான் வருத்தப்படுவேனே என்று.

லோரியை அனுப்பிவிட்டேன்.

ஆஸ்பத்திரிக்கு நடந்து போகும் வழியில் அவள் கேட்டாள்: “அம்மா, இது பைபிள்ல வருதே, அந்த நோயா?” ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் அந்தப் பகுதியை அவளுக்கு வாசித்துக் காட்டியவள் நான்தான். ஆமாம் என்றேன். “அதுல இயேசு தொட்டதும் அந்த ஆளுக்கு நல்லாயிடும்ல?” என்றாள். ஆமாம் என்றேன்.

டிரஸ்ஸர் கையை வெகுநேரம் பார்த்தார். காது மடலிலிருந்து லேசாகச் சுரண்டி எடுத்துக் கண்ணாடியில் தடவினார். “எத்தனை மாசம் ஆச்சு டீச்சர்?” என்றார். எட்டு என்றேன். “நான் பக்கத்துலதானே இருக்கேன்” என்றார். இரண்டு திட்டுத் திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

ஆறாம் நாள் வேன் வந்தது. புறப்படும் காலையில் நான் அவளுக்குத் தலை பின்னினேன். இரட்டைச் சடை. அவள் கண்ணாடியைப் பார்த்தபடி, “அங்க எனக்கு யாரும்மா பின்னி விடுவா? இந்த விரலு மடங்க மாட்டேங்குதே” என்றாள். அழாமல்தான் கேட்டாள், பள்ளிக்கூடப் பாடத்தில் சந்தேகம் கேட்பது மாதிரி. அவள் அப்பா முற்றத்தில் இறங்கிப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு ஒரு வாரம் காலையில் எழுந்து வேலி ஓரம் போனால், பொடி டப்பாக்கள் வரிசையாகக் கிடக்கும். நான் கொடுத்தவைதான், பயந்து திருப்பி வீசியிருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் என்னைக் கொஞ்ச நாள் லீவு எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். எனக்கு யார்மேலும் வருத்தமில்லை. நானே அவர்கள் இடத்தில் இருந்தால் அப்படித்தான் செய்திருப்பேன். எனக்கும் கணவருக்கும் சோதனை செய்து பார்த்தார்கள், ஒன்றுமில்லை. அந்த நாட்களில் என் வீட்டுப் படியேறி வந்தது ஒரே ஒருத்திதான். கேட்டில் சோதனை செய்யும் அந்தப் பெண். வந்து உட்கார்ந்து, காபி கேட்டு வாங்கிக் குடித்தாள். “அங்க போறப்போ எந்த பஸ்சுல போகணும், எந்த வாசல்ல பேரு எழுதணும், எல்லாம் எழுதிக்கங்க, நான் சொல்றேன்” என்றாள். நான் அவள் சொல்லச் சொல்ல, பிள்ளைகள் டிக்டேஷன் எழுதுவது மாதிரி எழுதிக்கொண்டேன். அன்று நான் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டேன். “அத விடுங்க. எங்கம்மா இன்னும் மோசமாத் திட்டுனாங்க” என்றாள். முதல் இரண்டு முறையும் அவள்தான் எனக்குத் துணையாக வந்தாள். தன் அண்ணனைப் பார்க்க அவள் ஒரு பக்கம், என் மகளைப் பார்க்க நான் ஒரு பக்கம்.

இப்போது அந்தப் பெண்ணை வேறு எங்கோ மாற்றிவிட்டார்கள். எங்கள் தோட்டத்தில் ஒரு பக்கத்து வேலியைக்கூட எடுத்துவிட்டார்கள். நான் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிவிட்டேன். செடிகளும் இருக்கின்றன. விரல் வெடிப்புக்கு இன்றும் கற்றாழை எண்ணெய் காய்ச்சிக் கொடுக்கிறேன். அது கேட்கத்தான் செய்கிறது. ஆனால் தோலில் வெளிர்ப்பு என்று யார் வந்தாலும், கண்ணை மூடச் சொல்லித் தொட்டுப் பார்க்கிறேன். தெரியவில்லை என்றால் ஓர் இலையைக்கூடக் கொடுப்பதில்லை. கையைப் பிடித்து நானே டிரஸ்ஸரிடம் கூட்டிக்கொண்டு போகிறேன். இதுவரை அப்படி இருவரை அழைத்துப் போயிருக்கிறேன். அதில் ஒருவருக்கு அந்த நோய்தான், மிக ஆரம்பத்திலேயே. ஒரு வருஷத்துக்குள் வீடு திரும்பிவிட்டார். அவர் மனைவி மாம்பழம் கொண்டுவந்து கொடுத்தாள். வாங்கிக்கொண்டேன். சந்தோஷப்படத்தான் வேண்டும். பட்டேன். ஆனாலும் அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மாதம் ஒருமுறை என் மகளைப் பார்க்கப் போகிறேன். நடுவில் ஒரு நீளமான மேசை. அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். தொடக் கூடாது. அவள் உயரமாகிவிட்டாள். குரல் மாறிவிட்டது. மாத்திரையால் வெளிர்ப்பு மறைந்துகொண்டு வருகிறது. விரல்களுக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள். மோதிர விரல் நிமிர்ந்துவிட்டது, சுண்டு விரல் இன்னும் வளைந்துதான் இருக்கிறது. அங்குள்ள சின்னப் பிள்ளைகளுக்கு அவள் வாய்ப்பாடு சொல்லிக் கொடுக்கிறாளாம். நான் சொல்லிக் கொடுக்கிற ராகத்திலேயே சொல்வதாகச் சொல்லிச் சிரித்தாள். அவள் தலையை அவளோடு தங்கியிருக்கும் ஒரு பெண் பின்னிவிடுகிறாள். அழகாகத்தான் பின்னுகிறாள். அந்தப் பெண்ணை நான் பார்த்ததில்லை. நல்லவளாகத்தான் இருப்பாள். ஆனாலும் பஸ்ஸில் திரும்பி வரும் வழியெல்லாம் எனக்கு அவள்மேல் பொறாமையாக இருக்கும். மகளின் தலைமுடியைத் தொடுகிறாளே என்று.

வீட்டில் சனிக்கிழமைகள்தான் கடினம். எண்ணெய் காயும் வாசனை வந்தால், “சீக்கிரம் வா, ஆறிடப்போகுது” என்று கூப்பிட வாய் எடுத்துவிட்டு நிறுத்திக்கொள்வேன். உலை வைக்கும்போது அரிசியை மூன்று பேருக்கு அளந்து, பிறகு ஒரு கைப்பிடி திரும்ப எடுத்துப் போடுகிறேன். இத்தனை நாளாகியும் என் கைக்குப் பழக்கம் வரவில்லை. என் கணவர் பார்த்தும் பார்க்காதது மாதிரி இருந்துவிடுவார்.

போன மாதம் அங்குள்ள டாக்டரைப் பார்த்தேன். இன்னும் சில மாதம் சோதனைகளில் ஒன்றும் தெரியாமல் இருந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்றார். கேட்டதும் கைகூப்பினேன். எழுந்து வந்திருக்கலாம். என் மனம் கேட்கவில்லை. முதல் மாதமே கொண்டுவந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் டாக்டர் என்று கேட்டேன். அவர் முதலில் சொல்லத் தயங்கினார். நான் விடவில்லை. “விரலுக்கு ஒன்றும் ஆகியிருக்காதம்மா. அவளும் எப்போதோ வீட்டுக்கு வந்திருப்பாள்” என்றார்.

என்னைவிட்டுப் பிரித்துவிடுவார்களே என்று பயந்து எட்டு மாதம் அவளை என் பக்கத்திலேயே வைத்திருந்தேன். அந்த எட்டு மாதத்துக்காக அவள் எவ்வளவு காலம் கூடுதலாக என்னைவிட்டுப் பிரிந்திருக்கிறாள் என்று எண்ணிப் பார்க்கும் தைரியம் எனக்கு இன்னும் வரவில்லை.